அண்மை வளர்ச்சி மண்டலம்

ஒரு குழந்தை தனியாகச் செய்து முடிப்பதற்கும், தன்னைவிடத் தேர்ந்த ஒருவரின் துணையோடு செய்து முடிப்பதற்கும் இடையே உள்ள பரப்பே அண்மை வளர்ச்சி மண்டலம் எனப்படுகிறது. சோவியத் உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி 1930களின் தொடக்கத்தில், தம் வாழ்வின் கடைசி ஆண்டுகளில், இக்கருத்தை முன்வைத்தார். துணை நிற்பவர் தாயாகவோ ஆசிரியராகவோ இருக்கலாம். இரண்டு வயது மூத்த அக்காவாகவும் இருக்கலாம். இன்று பிறரோடு சேர்ந்து செய்வதைக் குழந்தை நாளை தனியாகச் செய்யும். சிந்தனை முதலில் மனிதர்களுக்கு இடையில் நடந்து, பிறகே ஒருவரின் மனத்துக்குள் குடியேறுகிறது என்பது இதன் அடிப்படை. பெரியவர் எவ்வளவு உதவ வேண்டும், எப்போது கையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற கேள்வியைக் கல்வி உளவியலின் நடுவில் கொண்டுவந்து வைத்ததில் இக்கருத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

தோற்றம்

வைகாட்ஸ்கி 1896இல் இன்றைய பெலருசின் ஓர்ஷா நகரில் பிறந்து கோமல் நகரில் வளர்ந்தார். இலக்கியமும் சட்டமும் படித்தவர். ஆசிரியராகப் பணியாற்றிவிட்டு 1924இல் மாஸ்கோ சென்று உளவியல் ஆய்வில் இறங்கினார். காது கேளாத, பார்வையற்ற, அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் கல்வியில் அவருக்கு ஆழ்ந்த ஈடுபாடு இருந்தது. அவருடைய கருத்துகளில் பலவற்றுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. காசநோயால் 1934இல், 37 வயதிலேயே இறந்தார்.

அந்நாளில் நுண்ணறிவுச் சோதனைகள் ஐரோப்பாவெங்கும் பரவியிருந்தன. குழந்தை உதவியின்றி விடை சொன்ன கணக்குகளை மட்டும் எண்ணி, அதன் மன வயதை முடிவு செய்வார்கள். வைகாட்ஸ்கி இதில் ஒரு பெரிய குறையைக் கண்டார். அவர் தரும் எடுத்துக்காட்டில் இரண்டு குழந்தைகள் வருகிறார்கள். சோதனைப்படி இருவருக்கும் மன வயது 8. பிறகு இருவருக்கும் வயதுக்கு மீறிய கணக்குகளைக் கொடுத்து, கூடவே சிறு உதவியும் செய்கிறார்கள்: முதல் படியை எடுத்துக் காட்டுவது, வழி திறக்கும் ஒரு கேள்வியைக் கேட்பது போன்றவை. ஒரு குழந்தை 12 வயதுக்குரிய கணக்குவரை போகிறது. மற்றொன்று 9 வயதுக்குரியதோடு நின்றுவிடுகிறது. இந்த இருவரையும் ஒரே நிலையில் உள்ளவர்கள் என்று எப்படிச் சொல்வது என்பது அவர் கேள்வி. முதல் சோதனை ஏற்கெனவே கனிந்ததைக் காட்டுகிறது. இரண்டாவது, கனிந்துகொண்டிருப்பதைக் காட்டுகிறது. கற்பிப்பவர் குறிவைக்க வேண்டியது இரண்டாவதைத்தான் என்றார்.

'பார்த்துச் செய்வது சொந்த அறிவாகாது' என்ற எண்ணத்தையும் அவர் மறுத்தார். குழந்தை எதை வேண்டுமானாலும் பார்த்துச் செய்துவிடாது. கூட்டலே அறியாத குழந்தைக்கு எதிரே இயற்கணிதச் சமன்பாட்டை நூறு முறை தீர்த்துக் காட்டினாலும் அதனால் அதைத் திருப்பிச் செய்ய இயலாது. எதைப் பார்த்துச் செய்ய முடிகிறதோ, அதுவே குழந்தை அடுத்து எட்டப்போகும் இடத்துக்கு அடையாளம்.

1936இல் சோவியத் கம்யூனிஸ்ட் கட்சி குழந்தையியல் என்ற துறையையே கண்டித்துத் தீர்மானம் போட்டது. அத்துறையோடு சேர்த்து எண்ணப்பட்ட வைகாட்ஸ்கியின் நூல்களும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மறைந்துகிடந்தன. 1934இல் வெளிவந்த 'சிந்தனையும் பேச்சும்' 1956இல்தான் மறுபடி அச்சேறியது. 1962இல் அதன் சுருக்கம் ஆங்கிலத்தில் வந்தது. கல்வி உலகம் அவரைப் பிந்திக் கண்டுகொண்டதற்கு இந்தத் தாமதமும் ஒரு காரணம்.

பியாஜேயோடு ஒரு வாதம்

வைகாட்ஸ்கி பிறந்த அதே ஆண்டில் சுவிட்சர்லாந்தின் நூஷாட்டெல் நகரில் பிறந்தவர் ஜான் பியாஜே. குழந்தைகளின் தவறான விடைகளை மதித்துப் படித்த மேதை அவர். உயரம் குறைந்த அகலமான குவளையில் இருக்கும் தண்ணீரை ஒடுங்கி உயர்ந்த குவளையில் ஊற்றினால், ஐந்து வயதுக் குழந்தை தண்ணீர் கூடிவிட்டது என்று சொல்லும். அறியாமை என்று இதைத் தள்ளிவிடாமல், அந்த வயதுக்கே உரிய ஒரு சிந்தனை ஒழுங்கு இதில் இருக்கிறது என்று அவர் காட்டினார். குழந்தை உலகத்தைத் தானே தொட்டு, தள்ளி, கவிழ்த்துப் பார்த்து அறிவைக் கட்டிக்கொள்கிறது. புலன் இயக்க நிலையில் தொடங்கி நான்கு நிலைகளைக் கடந்து முதிர்ந்த சிந்தனைக்கு வருகிறது என்பது அவர் கோட்பாடு. பெரியவரின் பங்கு அதில் பின்னணியில்தான் இருக்கிறது.

இருவரும் மோதிய இடம் சிறியது, ஆனால் வளமானது. நான்கைந்து வயதுக் குழந்தைகள் விளையாடும்போது தமக்குத்தாமே பேசிக்கொண்டே இருப்பார்கள். கேட்பவரின் நோக்கில் பார்க்க இன்னும் பழகாததால் வரும் தன்மையப் பேச்சு இது, வளர வளர மறைந்துவிடும் என்றார் பியாஜே. வைகாட்ஸ்கி தம் சோதனைகளில் வேண்டுமென்றே தடைகளை வைத்தார்: படம் வரைய உட்கார்ந்த குழந்தைக்கு வேண்டிய வண்ணப் பென்சிலோ தாளோ இல்லாமல் செய்தார். உடனே அந்தப் பேச்சு ஏறத்தாழ இரு மடங்கானது. 'பென்சில் எங்கே, நீலம் வேண்டுமே, பரவாயில்லை, சிவப்பில் போட்டுத் தண்ணீர் தொட்டுக் கருக்கிவிடலாம்' என்ற போக்கில் குழந்தை தனக்கே வழி சொல்லிக்கொண்டது. ஐந்தரை வயதுக் குழந்தை ஒன்று டிராம் வண்டி வரைந்துகொண்டிருந்தபோது பென்சில் முனை ஒடிந்தது. 'உடைந்துபோச்சு' என்று முணுமுணுத்துவிட்டுத் தண்ணீர் வண்ணத்தை எடுத்து, விபத்தில் உடைந்த டிராம் ஒன்றை வரைந்து முடித்தது. தற்செயலாக வாயில் வந்த சொல் வேலையின் போக்கையே மாற்றிவிட்டது.

எனவே இந்தப் பேச்சு மறைவதில்லை, உள்ளே போகிறது என்பது வைகாட்ஸ்கியின் முடிவு. முதலில் அம்மா 'மெதுவாக, அந்தப் பக்கம் திருப்பு' என்கிறாள். பிறகு குழந்தை அதையே தனக்கு உரக்கச் சொல்லிக்கொள்கிறது. கடைசியில் அது ஓசையற்ற அகப்பேச்சாகிறது. வகுப்பில் கணக்குப் போடும்போது முணுமுணுக்கும் பிள்ளையை 'வாயை மூடு' என்று அதட்டுவது, அது யோசிக்கும் வழியையே அடைப்பதாகும். வைகாட்ஸ்கியின் விமர்சனத்துக்குப் பியாஜே 1962இல் விடை எழுதினார். அகப்பேச்சு பற்றிய வைகாட்ஸ்கியின் கருத்தைப் பெருமளவு ஏற்றுக்கொண்டார்.

விளையாட்டு

பெரியவர் அருகில் இல்லாதபோதும் இந்த மண்டலம் விரிவதுண்டு. அதற்கு வழி விளையாட்டு என்றார் வைகாட்ஸ்கி. ஐந்து, ஏழு வயதுள்ள உண்மையான அக்கா தங்கை இருவர் 'அக்கா தங்கை விளையாட்டு' விளையாடிய நிகழ்ச்சியை, ஆங்கில உளவியலாளர் ஜேம்ஸ் சல்லி பதிவு செய்ததிலிருந்து அவர் எடுத்துக் காட்டுகிறார். அன்றாடம் தாமறியாமல் அக்காவாகவும் தங்கையாகவும் இருப்பவர்கள், விளையாட்டில் அக்கா என்றால் எப்படி நடந்துகொள்வாள் என்ற விதியை எண்ணி எண்ணி நடக்கிறார்கள். குச்சியைக் குதிரையாக ஓட்டும் குழந்தை பொருளிலிருந்து அதன் அர்த்தத்தைப் பிரித்தெடுக்கப் பழகுகிறது. எழுத்தும் எண்ணும் பின்னாளில் அதனிடம் கேட்கப்போவது இதே திறனைத்தான். 'விளையாடினது போதும், படி' என்று எழுப்பிவிடும் வீடுகள் இதை அறிவது நல்லது.

சாரம் கட்டுதல்

துணை எப்படி இருக்க வேண்டும் என்று வைகாட்ஸ்கி விரிவாகச் சொல்லவில்லை. அந்த இடத்தை நிரப்பியது டேவிட் உட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் மூவரும் 1976இல் வெளியிட்ட ஆய்வு. கட்டடம் எழும்பும்வரை சாரம் கட்டிப் பிறகு அவிழ்ப்பதுபோலக் குழந்தைக்குத் தரும் உதவியை அவர்கள் விவரித்தார்கள். ஆசிரியப் பயிற்சி நூல்களில் இன்று 'சாரக்கட்டு' என்று வருவது இதுவே. அக்கட்டுரை வைகாட்ஸ்கியைக் குறிப்பிடவில்லை; இரண்டையும் இணைத்துப் பார்த்தது பின்வந்தவர்கள்.

ஆய்வில் 3, 4, 5 வயதுக் குழந்தைகள் 30 பேர் கலந்துகொண்டார்கள். முளையும் துளையுமாகப் பொருந்தும் 21 மரக்கட்டைகளை அடுக்கிப் பிரமிடு ஒன்றைக் கட்ட வேண்டும். முதலில் கட்டைகளோடு விருப்பம்போல் விளையாட விட்டார்கள். கூட இருந்த ராஸ், குழந்தை தானே செய்வதைத் தடுக்காமல், முதலில் சொல்லிப் பார்ப்பது, அது போதாதபோது செய்து காட்டுவது என்று வைத்துக்கொண்டார்.

மூன்று வயதுப் பிள்ளைகளை வேலையில் ஈர்த்து வைப்பதே பெரும்பாடாக இருந்தது. சொல்வதை அவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு கட்டைகளை இணைத்து எதிரே வைத்துக் காட்டினால்தான் கவனித்தார்கள். நான்கு வயதினருக்கு வாய்ச்சொல் போதுமானதாக இருந்தது: 'இது சரியாக உட்கார்ந்திருக்கிறதா, பார்' என்றால் பிரித்துத் திருத்திக்கொண்டார்கள். ஐந்து வயதினர் பெரும்பாலும் தாமே கட்டிவிட்டு, சரிதானா என்று உறுதி செய்துகொள்ள மட்டுமே நிமிர்ந்து பார்த்தார்கள். மூன்று வயதினருக்குப் பிரமிடு கட்டத் தெரியாவிட்டாலும், தவறாகப் பொருந்தியதைப் பிரித்துப்போடத் தெரிந்திருந்தது. சரியானது எது என்று காணும் கண், அதைச் செய்யும் கைக்கு முன்பே வந்துவிடுகிறது. முடிந்தால் எப்படி இருக்கும் என்று அறியாத குழந்தைக்கு எந்த உதவியும் பயன்படாது.

துணை நிற்பவர் செய்யும் ஆறு வேலைகளை அக்கட்டுரை பிரித்துக் காட்டியது. ஆர்வத்தை வேலையின் பக்கம் இழுப்பது, ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டியவற்றைக் குறைப்பது, இலக்கை விட்டு விலகாமல் வைத்திருப்பது, முக்கியமான இடத்தைச் சுட்டுவது, செய்து காட்டுவது ஆகியவை ஐந்து. ஆறாவது, தோல்வியால் வரும் எரிச்சலைத் தாங்கக்கூடியதாக ஆக்குவது. கடைசியாகச் சொன்னதை ஆசிரியப் பயிற்சி இன்னும் போதிய அளவு கற்பிப்பதில்லை. பயந்துபோன பிள்ளைக்கு மண்டலம் சுருங்கிவிடுகிறது. இதைப் பள்ளிக்கூடத்தில் பார்க்காதவர் இல்லை.

உட் தம் தோழர்களோடு செய்த வேறு ஆய்வுகளில், தாய்மார் தம் பிள்ளைகளுக்கு இதே பிரமிடைக் கற்பித்த விதத்தைக் கவனித்தார். முழுவதையும் செய்து காட்டியதோ, வாயால் விளக்கிக்கொண்டே போனதோ நல்ல பயன் தரவில்லை. பயன் தந்தது ஒரு நெகிழ்வான வழி: குழந்தை தடுமாறினால் உதவியை ஒரு படி கூட்டு, சரியாகச் செய்தால் ஒரு படி குறை. எழுதும்போது எளிதாகத் தெரிகிறது. நடைமுறையில் மிகக் கடினம், ஏனெனில் சரியாகச் செய்த குழந்தைக்கு மேலும் சொல்லிக்கொடுக்கவே நம் மனம் துடிக்கிறது.

உதவியைப் படிப்படியாகக் குறைப்பதை வாசிப்புக்கும் கொண்டுவரலாம். ஆய்வாளர்கள் அன்மேரி பலின்சாரும் ஆன் பிரௌனும் 1984இல் வெளியிட்ட முறையில், வாசித்ததைப் புரிந்துகொள்ளத் திணறும் மாணவர்கள் சிறு குழுவாக உட்கார்ந்தார்கள். கேள்வி எழுப்புவது, சுருக்கிச் சொல்வது, புரியாததைத் தெளிவாக்குவது, அடுத்து வருவதை ஊகிப்பது என்ற நான்கையும் முதலில் ஆசிரியர் செய்தார். பிறகு ஆசிரியரின் இடத்தில் ஒவ்வொரு மாணவரும் மாறி மாறி அமர்ந்தார்.

உதவி மிகும்போது

கற்பித்தலுக்கும் ஒரு விலை உண்டு. எலிசபெத் போனவிட்ஸ் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஒலி, விளக்கு, இசை, கண்ணாடி என்று நான்கு விந்தைகளை ஒளித்துவைத்த ஒரு விளையாட்டுப் பொருளைப் பள்ளி முன்பருவக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். சிலரிடம் 'இது எப்படி வேலை செய்கிறது, காட்டுகிறேன்' என்று சொல்லி ஒலியெழுப்பும் குழாயை மட்டும் இழுத்துக் காட்டினார்கள். வேறு சிலருக்கு முன் அதே ஒலி தற்செயலாக எழுந்ததுபோல நடந்தது. கற்பிக்கப்பட்ட குழந்தைகள் அந்தக் குழாயையே இழுத்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்களோ அதிக நேரம் நோண்டி, கூடுதல் விந்தைகளைக் கண்டுபிடித்தார்கள். காட்டாமல் விட்டது இல்லாததாகவே இருக்கும் என்று குழந்தை ஊகிக்கிறது. ஆசிரியரை நம்பும் குழந்தைக்கு அது நியாயமான ஊகம்தான்.

ஊருக்கு ஊர்

பெரியவர் எதிரே உட்கார்ந்து பேசிக் கற்பிப்பதே இயல்பான முறை என்ற எண்ணத்தை பார்பரா ரோகாஃப் அசைத்தார். அவரும் சக ஆய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வு, நான்கு இடங்களில் ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைகளைப் பின்தொடர்ந்தது: குவாத்தமாலாவில் மாயா மக்கள் வாழும் சான் பெத்ரோ, அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி, துருக்கியின் கெச்சியோரன், இராஜஸ்தானில் தோல் கி பட்டி என்ற பழங்குடிச் சிற்றூர். நகரத்து வீடுகளில் பெரியவர்கள் விளையாட்டுத் தோழர்களாகிப் பாடம் நடத்தினார்கள். சான் பெத்ரோவிலும் தோல் கி பட்டியிலும் தாய்மார் தம் வேலையைப் பார்த்தபடியே, கேட்டால் உதவத் தயாராக இருந்தார்கள். அங்கே குழந்தைகள் ஒரே நேரத்தில் பலவற்றைக் கூர்ந்து கவனித்து, பார்த்தே கற்றார்கள். பெரியவர் உலகத்தின் வேலைகளிலிருந்து குழந்தையைப் பிரிக்காத இடங்களில் இந்தக் கவனம் கூர்மையடைகிறது.

வகுப்பறையில்

ஆந்திரத்தின் ரிஷி வேலியில் உருவான முறையைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007–08இல் தமிழ்நாடு முழுவதும் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. ஒவ்வொரு பிள்ளையும் கற்றல் ஏணியில் தன் இடத்தைத் தானே பார்த்து, அதற்குரிய அட்டையை எடுத்துக்கொண்டு ஒரு குழுவில் போய் உட்கார்ந்தது. முழுமையான ஆசிரியர் உதவி, பகுதி ஆசிரியர் உதவி, சக மாணவர் உதவி, தானே கற்றல், மதிப்பீடு என்று குழுக்கள் அமைந்திருந்தன. சாரத்தைப் படிப்படியாக அவிழ்ப்பதை வகுப்பறையின் இருக்கை அமைப்பாகவே மாற்றிய ஏற்பாடு இது. பல வகுப்புகளை ஒரே ஆசிரியர் பார்க்கும் பள்ளிகளில் இதன் அருமை தெரிந்தது. அட்டைகளை முடிப்பதே வேலையாகிவிட்ட இடங்களில், பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று பார்க்கும் கண் இல்லாமல் முறை வெறும் சடங்காகிப்போனதும் உண்டு.

மறுப்புகள்

எந்தச் சிறு உதவியையும் அண்மை வளர்ச்சி மண்டலத்தின் பெயரால் அழைப்பது பரவிவிட்டது. சேத் சைக்லின் 2003இல் எழுதிய கட்டுரையில் இதை எதிர்த்தார். காலணிக் கயிறு கட்டக் கற்பது போன்ற தனித்தனித் திறன்களை வைகாட்ஸ்கி எண்ணவில்லை. ஒரு வயதிலிருந்து அடுத்த வயதுக்குச் சிந்தனை முழுவதுமாக உருமாறுவதையே எண்ணினார் என்பது அவர் வாதம். அளப்பதிலும் சிக்கல் இருக்கிறது. எந்த உதவி, எவ்வளவு, யாரிடமிருந்து என்பதற்கு ஏற்ப மண்டலத்தின் அகலம் மாறும். இஸ்ரேலில் ரூவன் ஃபாயர்ஸ்டைன், போரிலும் குடிபெயர்விலும் கல்வி இழந்து, சோதனைகளில் மந்தபுத்தி என்று முத்திரை குத்தப்பட்ட பிள்ளைகளோடு பணியாற்றி வேறு வகைச் சோதனையை வளர்த்தார். அதில் சோதிப்பவர் நடுவில் கற்பிக்கிறார். கற்பித்த பிறகு பிள்ளை எவ்வளவு நகர்ந்தது என்பதையே குறிக்கிறார். இத்தகைய சோதனைக்கு ஒரு பிள்ளையோடு நெடுநேரம் உட்கார வேண்டும். மதிப்பெண்ணும் சோதிப்பவருக்குச் சோதிப்பவர் வேறுபடக்கூடும். பெருந்திரள் தேர்வுகள் இன்றும் பிள்ளை தனித்துச் செய்ததை மட்டுமே எண்ணுகின்றன.