லயம்

இலங்கை மலையகத்தில், தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் யாரிடமாவது வீடு எங்கே என்று கேளுங்கள். "பணிய லயம், மூணாவது காம்பரா" என்பார்கள்; கீழ் வரிசையில் மூன்றாவது அறை. பாட்டுக்காரர்களின் லயம் அல்ல இது. வெள்ளைக்காரத் துரைமார் வாயிலிருந்து வந்த 'லைன்'.

1820களில் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியில் கோப்பி பயிரானது. தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து, தலைமன்னார், மாத்தளை வழியாக நடந்து வந்தவர்கள், பழம் பறித்து முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். வரிசையாகக் கட்டிய ஒற்றை அறைகள் அவர்களுக்குத் தங்குமிடம் மட்டுமே. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இரண்டு வருடத்தில் இலைத்துரு நோய் கோப்பியைப் பிடித்தது. பிறகு மலையெல்லாம் தேயிலை. கொழுந்து வருடம் முழுக்க வரும். ஆளும் வருடம் முழுக்க நிற்க வேண்டும். அந்த அறைகளிலேயே பிள்ளை பெற்று, அங்கேயே செத்தார்கள். வாழும் இடத்தின் பெயர் நாவில் சரியாக உட்கார வேண்டாமா?

லைன், லயன் ஆனது. லயன், லயம் ஆனது. பள்ளிக்கூடத்தில் கடைப்போலி என்று படிக்கிறோமே, நிலம் நிலன் என்றும் அறம் அறன் என்றும் வருவது, அதே மகர னகர மாற்றம்தான். இங்கே திசை மட்டும் வேறு. இலக்கணம் படிக்காத, கொழுந்து பறித்த கைகள் இதைச் செய்திருக்கின்றன. எனக்கு இதில் பெரிய வியப்பு வேற்றுமை உருபில்தான். 'லைனில்' என்று சொல்லும்வரை அது இரவல். மரத்தில், குளத்தில் என்பதுபோல அத்துச் சாரியை ஏற்று 'லயத்துல', 'லயத்துக்கு' என்று ஆனபோது அது தமிழாகிவிட்டது. பக்கத்துக் காம்பரா போர்த்துக்கேயர் வழி வந்தது, வாசல் திண்ணையான இஸ்தோப்பு ஒல்லாந்தர் வழி வந்தது. இந்த இரண்டும் எந்தச் சிரமமுமில்லாமல் அதனோடு குடியிருக்கின்றன.

கண்டியிலிருந்து 'ஞானம்' இதழை நடத்திய தி. ஞானசேகரன் தம் நாவலுக்கு 'லயத்துச் சிறைகள்' என்று பெயர் வைத்தார். தோட்டத்து வாய்ச்சொல் அப்படியே புத்தக அட்டைக்கு வந்தது. கொழும்புப் பத்திரிகைகளோ இன்றும் 'லயன் அறை' என்றே எழுதுகின்றன. அது எனக்குச் சம்மதமில்லை. அந்த மக்கள் பல தலைமுறையாக உழைத்துத் திருத்திய சொல்லை மறுபடி ஆங்கிலத்தின் பக்கம் ஏன் தள்ள வேண்டும்?

இப்போது பேர்ச் கணக்கில் காணியும் தனிவீடும் கொடுக்கிறார்கள். 'பேர்ச்' என்ற சொல்லும் தோட்டத்துப் பேச்சில் ஏறிவிட்டது. லயங்கள் ஒருநாள் இடிந்து போகட்டும், போகத்தான் வேண்டும். தமிழ் அகராதிகளில் தாளம், ஒடுக்கம் என்ற பொருள்களுக்குக் கீழே மலையகத்தாரின் இந்தப் பொருளும் அதற்குள் அச்சாகியிருக்க வேண்டும்.