மதுரையில் கிடைத்த இருக்கை

பல்கலைக்கழகப் பதவி வெற்றிடங்களுக்கு விண்ணப்பம் கோரி ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் அறிவித்தல் வந்தால், எங்கட வீட்டில் அதைக் கத்தரித்து வைத்துவிடுவோம். மருமகன் தமிழ் விசேட பட்டதாரி. ஆய்வு செய்திருப்பது முஸ்லிம் புலவர்கள் பற்றி. தகுதிகாண் விரிவுரையாளருக்கு முதல் வகுப்பு வேணுமா, இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு போதுமா என்று வீடே விவாதிக்கும். அந்தப் பதவி எந்தப் பாடத்துக்கு என்பதை யார், எப்போது தீர்மானித்தார்கள் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. வரலாறு அங்கேதான் இருக்கிறது.

1942இல் பல்கலைக்கழகக் கல்லூரியும் மருத்துவக் கல்லூரியும் இணைந்து இலங்கைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. ஐவர் ஜெனிங்ஸ் முதல் உபவேந்தர். அங்கே தமிழுக்கென்று உருவான பேராசிரியர் பதவியில் 1943இல் விபுலாநந்த அடிகள் அமர்ந்தார். 1947இல் காலமாகும்வரை, நாலு வருசந்தான். ஆனால் அந்த இருக்கை இருந்தபடியால்தான், பாணந்துறையிலிருந்து வந்த ம.மு. உவைஸ் என்ற மாணவர் அடிகளின் தூண்டுதலால் தமிழைச் சிறப்புப் பாடமாக எடுத்தார். காவி உடுத்த துறவி ஒருவர் கைகாட்டியதால் நம்மட இலக்கியத்துக்கு ஓர் ஆய்வாளர் கிடைத்தார் என்பதை நாம் அடிக்கடி நினைத்துக்கொள்ள வேணும்.

தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்களின் பங்களிப்பு என்ற தலைப்பில் 1951இல் உவைஸ் முதுமாணி ஆய்வை முடித்தார். சீறாப்புராணத்தைத் தாண்டிப் பல்கலைக்கழக வட்டாரம் அதிகம் அறியாதிருந்த நூல்களை அது ஒழுங்காக முன்வைத்தது. ஆங்கிலத்தில் எழுதிய அந்த ஆய்வை 1953இல் நூலாக்கியது பல்கலைக்கழகம் அல்ல, கண்டிப் பக்கத்துக் கிராமமான கல்ஹின்னையின் தமிழ் மன்றம். காசு எப்படிச் சேர்ந்ததோ! பட்டம் கொடுத்தது பெரிய நிறுவனம். புத்தகம் கொடுத்தது ஊர்.

இனி அவருக்குப் பதவி? வித்தியோதயப் பல்கலைக்கழகத்தில் தமிழ் விரிவுரையாளரானார். நல்ல பணிதான். ஆனாலும் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கென்றே ஓர் இருக்கை அவருக்குக் கிடைத்தது 1979இல், கடலுக்கு அப்பால், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில். முதுமாணி ஆய்வு முடிந்து 28 வருடங்களின் பின்! அங்கிருந்துதான் பீ.மு. அஜ்மல்கானுடன் சேர்ந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார். ஆளும் அறிவும் முன்னமே இருந்தன. முழுநேரமும் அதையே செய்வதற்கான சம்பளமும் நாற்காலியுந்தான் இருக்கவில்லை. நம்மட பேராசிரியர் மதுரையில் என்று நாங்கள் பெருமைப்பட்டோம். அந்தப் பெருமைக்குள் ஒரு குறையும் இருந்தது, அது உறைக்கவில்லை.

1945இல் ஏ.எம்.ஏ. அஸீஸ் முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியத்தைத் தொடங்கினார். மாணவரை உள்ளே அனுப்ப அது வழி செய்தது. பதவியை உருவாக்குவது வேறு வேலை. துறை கேட்க வேணும். பீடச் சபை, மூதவை, பேரவை ஏற்க வேணும். மானியங்கள் ஆணைக்குழுவும் திறைசேரியும் ஆளணியை அனுமதிக்க வேணும். பத்திரிகை அறிவித்தல் இதன் கடைசிப்படி. நாம் விழித்துக்கொள்வது அந்தக் கடைசிப்படியில். 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி உருவானபோது கட்டடம், பீடம் பற்றி நிறையப் பேசினோம். இருக்கைகள் பற்றிய பேச்சு என் காதில் விழுந்தது குறைவு.

போன கிழமையும் ஓர் அறிவித்தல் வந்தது. மருமகன் மேலிருந்து கீழாக இரண்டு தரம் வாசித்தார்.

“தமிழ் இருக்கு மாமா. மொழியியல் கேட்டிருக்காங்க.”

விண்ணப்பப் படிவத்தில் விசேட துறை என்ற கட்டத்தை வெறுமையாக விட்டு, மற்றதையெல்லாம் நிரப்பத் தொடங்கினார்.