ஹிட்லர் நிறுத்திய போடி ரயில்

பள்ளத்தாக்கின் கதை – 14

பழைய செய்தித்தாள் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு, அன்றைய தலைப்பை அப்படியே நம்பிய ஒருவர் மேற்கொண்டு என்ன செய்திருப்பார் என்று யோசித்துப் பார்ப்பது நல்ல பொழுதுபோக்கு. தேனி மாவட்டத்துக்காரர்களுக்கு மட்டும் இதில் ஒரு சங்கடம் உண்டு. எவ்வளவு கோக்குமாக்காகக் கற்பனை செய்தாலும், இங்கே நிஜத்தில் நடந்தது அதையும் தாண்டிப் போயிருக்கும். இந்த வாரம் மூன்று செய்திகளை எடுத்துக்கொள்வோம். தலைப்புகள் நம் கைவண்ணம். சம்பவங்கள் வரலாறு.

'பெரியாற்றுத் தண்ணீர்: 999 ஆண்டு குத்தகை!'

1886 அக்டோபர் 29 அன்று, மேற்கே அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றை மறித்துக் கிழக்கே திருப்புவதற்கான ஒப்பந்தம் கையெழுத்தானது. கொடுத்தவர் திருவிதாங்கூர் மகாராஜா. வாங்கியவர் லண்டனிலிருந்த இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர். நீர்த்தேக்கத்துக்கு 8,000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய், ஆக வருடத்துக்கு 40,000 ரூபாய். காலம், அந்த ஆண்டு ஜனவரி 1 முதல் 999 வருடம்.

இதை அட்சரம் பிசகாமல் நம்பிய ஒருவரின் வழித்தோன்றல், 2884 டிசம்பர் 31 அன்று புதுப்பிப்பு மனுவோடு அலுவலக வாசலில் நிற்பார். கேள்விகள் வரிசையாக வரும். மூலப்பத்திரம் எங்கே? வில்லங்கச் சான்று போட்டாச்சா? எழுதிக் கொடுத்த மகாராஜா எங்கே, எழுதி வாங்கிய துரை எங்கே? ரெண்டு பேரும் இல்லையென்றால் வாரிசுச் சான்றிதழாவது உண்டா? எல்லாம் சரியாக இருந்தாலும் 'சர்வர் டவுன், திங்கட்கிழமை வாங்க' என்பார்கள். 2885 பிறந்துவிடும், குத்தகை காலாவதியாகிவிடும்.

இது நம் கற்பனை. நிஜத்தில் வாரிசுத் தகராறு 2884 வரை காத்திருக்கவில்லை. 1947இல் வெள்ளைக்காரர் கிளம்பினார்கள். 1949இல் திருவிதாங்கூர் கொச்சியோடு சேர்ந்தது. 1956இல் கேரளம் பிறந்தது. ஒப்பந்தம் போட்ட இரண்டு தரப்பும் போய்ச் சேர்ந்த பிறகும் பத்திரம் மட்டும் உயிரோடு இருந்தது. சுதந்திரத்தோடு அந்தக் குத்தகையும் முடிந்துவிட்டது என்று கேரளம் உச்ச நீதிமன்றத்தில் வாதாடியது. 2014 மே 7 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை ஏற்கவில்லை. இன்னும் எண்ணூற்றுச் சொச்சம் வருடம் பாக்கி இருக்கிறது.

இடையில் அந்த 999 சினிமாவுக்கும் போனது. அணை ஒன்று உடைவதைக் காட்டிய 'டேம் 999' படத்துக்கு 2011 நவம்பரில் தமிழக அரசு தடை விதித்தது. எண்ணைப் பார்த்ததுமே இங்கே எல்லோருக்கும் குத்தகைதான் நினைவுக்கு வந்தது. நல்லவேளை, 999 ரூபாய் சேலை விற்ற ஜவுளிக்கடைகள் தப்பித்தன.

'ஐரோப்பாவில் போர் மூண்டது!'

1939 செப்டம்பர். போடியில் ஏலக்காய் மூட்டை எண்ணிக்கொண்டிருந்த ஒரு வியாபாரி இந்தத் தலைப்பைப் பார்த்திருந்தால், 'எங்கேயோ அடிச்சுக்கிறாங்க, நமக்கென்ன' என்று பேப்பரை மடித்து வைத்திருப்பார். அவருக்கு வேண்டிய ரயில் வாசலிலேயே இருந்தது. மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போடிநாயக்கனூருக்கு 1928இல் மீட்டர் கேஜ் பாதை போட்டிருந்தார்கள். மூணாறு மலைத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வந்து சேரும். ஏலக்காயும் மலையிலிருந்து இங்கேதான் இறங்கும்.

போர் மும்முரமானது. இரும்புக்குத் தட்டுப்பாடு. போடி பாதையின் தண்டவாளங்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஹிட்லர் போலந்துக்குள் நுழைந்ததால் உசிலம்பட்டிச் சம்பந்தி வீட்டார் ஆண்டிபட்டிக் கணவாயில் மாட்டு வண்டி ஏறினார்கள் என்று எழுதினால் அது முழுக் கற்பனை ஆகாது. முகூர்த்தம் தப்பியிருந்தால் பெண் வீட்டார் பெர்லினுக்கே வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கலாம்.

1950களில் ரயில் திரும்பி வந்தது. 2010 முடிவில் அகலப்பாதைக்காக மறுபடி நின்றது. இந்தத் தடவை எதிரி நாடு எதுவும் இல்லை. 'விரைவில் அகல ரயில்' என்ற செய்தியை நம்பி ஒருவர் அன்றே பெட்டி கட்டியிருந்தால், அந்தப் பெட்டியோடு பத்து பட்ஜெட்டுக்கு மேல் கேட்டுக்கொண்டிருந்திருப்பார். ரயில் தேனிக்கு வந்தது 2022 மே மாதம், போடியைத் தொட்டது 2023 ஜூன் 15 அன்று. இரண்டாம் உலகப் போரே ஆறு வருடத்தில் முடிந்தது. இந்த 90 கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு வருடம் ஆனது. ரயில் நின்ற பிறகு தேனியில் பிறந்த குழந்தை, சொந்த ஊரில் ரயிலைப் பார்க்கும்போது ஆறாம் வகுப்புக்குப் போகிற வயது.

வந்த பிறகாவது ஊர் திருப்தி அடைந்ததா? 'ரயில் எப்ப வரும்' என்று கேட்டவர்களே 'கேட் எப்பத் திறப்பாங்க' என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

'முல்லைப்பெரியாறு அணைக்கு ஆபத்து!'

1979 ஆகஸ்ட் 11 அன்று குஜராத்தில் மோர்பி அணை உடைந்து ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அந்த அதிர்ச்சியில் கேரளப் பத்திரிகைகள் 1895இல் கட்டி முடித்த பெரியாறு அணையைப் பார்த்துக் கேள்வி எழுப்பின. அந்த நவம்பரில் மத்திய நீர்வள ஆணையத் தலைவர் வந்து பார்த்தார். அணையைப் பலப்படுத்தும்வரை நீர்மட்டத்தை 152 அடியிலிருந்து 136 அடியாகக் குறைத்தார்கள். அணையின் கீழே குடியிருப்பவர்களின் பயத்தில் கேலி செய்ய ஒன்றுமில்லை. வேடிக்கையெல்லாம் தலைப்புகளில்தான். மலைக்கு அந்தப் பக்கம் 'அணை ஆபத்தில்', இந்தப் பக்கம் 'அணை பலமாக உள்ளது' என்று ஆண்டுக்கணக்கில் ஓடியது.

குமுளி பஸ் நிலையத்தில் ஒரு மலையாளியும் ஒரு தமிழரும் பேப்பரை மாற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டதாக வைத்துக்கொள்வோம். வண்டிப்பெரியாற்றுச் சேட்டன் பல வருடத்துக்குப் பிறகு அன்றுதான் நிம்மதியாகத் தூங்குவார். கம்பத்து அண்ணாச்சி விடிய விடிய விழித்திருப்பார். காலையில் இருவரும் பேப்பரைத் திருப்பிக் கேட்டு அடித்துப் பிடித்துக் குமுளிக்கே ஓடி வருவார்கள்.

2011 டிசம்பரில் நிஜமாகவே குமுளி எல்லை பதற்றத்தில் அடைபட்டது. கம்பம், சின்னமனூர்ச் சந்தைக் காய்கறி மலையேற வழியில்லை. அணை உடையவில்லை. அந்தப் பக்கம் சாம்பாருக்குக் காயில்லை, இந்தப் பக்கம் காய்க்கு விலையில்லை. 142 அடி வரை தேக்கலாம் என்று 2006இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த மாதமே 136 அடிதான் என்று கேரளம் சட்டம் போட்டது. 2014 தீர்ப்பில் அது செல்லாமல் போக, அந்த நவம்பரில் 35 வருடத்துக்குப் பிறகு தண்ணீர் 142 அடியைத் தொட்டது.

மூன்று செய்தியும் ஊருக்கு விட்டுச்சென்றது எண்களைத்தான். தலைப்பு எழுதுகிறவர்களைவிட இந்த ஊர் விவசாயிகளுக்கு அது நன்றாகத் தெரியும். கூடலூர், உத்தமபாளையம் பக்கம் காலை டீக்கடையில் பேப்பரை விரிப்பவர் கொட்டை எழுத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உள்ளே பொடி எழுத்தில் இருக்கும் அணை நீர்மட்டக் கட்டத்துக்குத் தாவுவார். "பெரியாறு எம்புட்டுண்ணே?" "நூத்திப் பதினெட்டு." "அப்ப ஜூன் ஒண்ணுக்குத் தொறந்துருவாக." அவ்வளவுதான் பேச்சு. லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கு நாற்று விடுவதா வேண்டாமா என்பது அந்த எண்ணில் முடிவாகிறது. தலைப்பை நம்பி இந்தப் பள்ளத்தாக்கில் யாரும் நாற்று விட்டதில்லை.