ஒட்டுப்பட்டைத் தோல்காயம்

மருத்துவப் பிளாஸ்திரியை உரிக்கையில் தோலுக்கு நேரும் சேதம். உரித்து 30 நிமிடம் கழிந்தும் சிவப்போ கொப்புளமோ நீடித்தால் அது காயமே என 2013இல் வல்லுநர் குழு வரையறுத்தது. பசையின் பிடி, மேல்தோலுக்கும் உள்தோலுக்கும் இடையிலான பிடியை விஞ்சும்போது மேல்தோல் கூடவே பிய்ந்து வருகிறது. முதியோருக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கும் ஆபத்து அதிகம். மழைக்காலப் புழுக்கமும் வியர்வையும் பட்டைக்கடியில் தோலை ஊறவைத்து நலிவிக்கும். எனவே ஒட்டுமுன் தோலை நன்கு உலர்த்தவேண்டும். பட்டையை இழுத்து ஒட்டினால் ஓரங்களில் கொப்புளம் கிளம்பும். எடுக்கும்போது ஒரு கையால் தோலை அழுத்திப் பிடித்து, மயிர் வளரும் திசையில், தோலையொட்டி மடித்து மெல்ல உரிக்கவேண்டும். வெடுக்கென இழுக்கும் வீட்டுப் பழக்கம் கெடுதலானது. மெலிந்த தோலுக்குச் சிலிக்கோன் பசையே நல்லது.