மழையில் நாலு கொடிகள்: ஹூக்ளிக் கரை ஊர்கள்

நம்ம தரங்கம்பாடியும், இங்கே கொல்கத்தாவுக்குப் பக்கத்துல இருக்கிற ஸ்ரீராம்பூரும் ஒரே சமயத்துல விலை போன ஊர்கள். 1845-ல டென்மார்க் ராஜா ரெண்டையும் சேர்த்து பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்குக் கொடுத்துட்டார். பேங்க் ஃபைல்களையே பார்த்துப் பழகின என் கண்ணுக்கு இது, வருமானம் இல்லாத ரெண்டு கிளையை மூடி, கட்டடத்தைப் பக்கத்து பேங்குக்கே வித்த கணக்காத்தான் தெரியுது. ஆனா அந்த ஊர்ல குடியிருந்தவங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கலை. அந்த உறுத்தல்தான் போன சனிக்கிழமை, கொட்டுற மழையில, தங்கமணியையும் பசங்களையும் வண்டியில ஏத்திக்கிட்டு ஹூக்ளிக் கரையோரம் கிளம்ப வச்சது.

நாலு ஊரும் ஜி.டி. ரோட்டை ஒட்டி வரிசையா இருக்கு: டேனிஷ்காரங்க ஸ்ரீராம்பூர், பிரெஞ்சுக்காரங்க சந்தன்நகர், டச்சுக்காரங்க சூச்சுரா, போர்ச்சுகீசியர் பண்டேல். மொத்தமே ஐம்பது கிலோமீட்டருக்குள்ள. மழை நாள்ல மூணு மணி நேரம் ஆகும், தண்ணி தேங்கின இடத்துல டோட்டோக்களோட சண்டை போடுற நேரம் தனி.

ஏன் எல்லாரும் இந்த ஒரே ஆத்துக்கு வந்தாங்க? துணி, பட்டு, அப்புறம் வெடிமருந்துக்கு வேண்டிய வெடியுப்பு. பீகார்ல இருந்து வெடியுப்பு படகுல நேரா இறங்கி வரும். முதல்ல வந்தவங்க மேலே இடம் பிடிச்சாங்க. ஹூக்ளியில மொகலாயரோட சண்டை போட்டுட்டுத் தோத்து வந்த ஜோப் சார்னாக், 1690-ல கீழே சுதானுட்டியில இறங்கினார். பெரிய கப்பல் வந்து நிக்க அங்கேதான் ஆழம். தோத்து வந்தவனுக்குக் கிடைச்ச மிச்ச இடம்தான் கல்கத்தாவா வளர்ந்தது. (சார்னாக்கோட கல்லறைக் கல் நம்ம பல்லாவரம் பக்கத்துல இருந்து வந்தது. அந்தப் பாறை வகைக்கே 'சார்னோகைட்'னு அவர் பேரை வச்சுட்டாங்க. சென்னைவாசிகள் காலரைத் தூக்கி விட்டுக்கலாம் :-))

ஸ்ரீராம்பூர்ல டேனிஷ்காரங்க 1755-ல வந்து, ராஜா பேர்ல ஃப்ரெடெரிக்ஸ்நகர்னு வச்சாங்க. வில்லியம் கேரி இங்கே வந்து சேர்ந்தது 1800 ஜனவரியில. ஆங்கிலேயக் கம்பெனி தன் எல்லைக்குள்ள மிஷனரிகளை விடலை, அதனால ஆங்கிலேயரான அவர் டேனிஷ் கொடிக்குக் கீழே ஒதுங்கினார். இது நமக்குப் புதுக்கதை இல்லை. சீகன்பால்கு 1706-ல டேனிஷ் ராஜா அனுப்பித்தானே தரங்கம்பாடிக்கு வந்தார்? அங்கே தமிழ் அச்சுன்னா இங்கே வங்காள அச்சு. 1818-ல கேரி, மார்ஷ்மேன், வார்ட் மூணு பேரும் தொடங்கின கல்லூரிக்கு, பட்டம் கொடுக்கிற உரிமை 1827-ல டேனிஷ் ராஜாவோட சாசனத்துல கிடைச்சது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில படிக்கிறவங்களுக்கு இன்னைக்கும் பட்டம் ஸ்ரீராம்பூர் பேர்லதான் வருது. 1806-ல கட்டின செயின்ட் ஓலாவ் தேவாலயத்தை அழகா சீரமைச்சு, 2016-ல யுனெஸ்கோ விருதும் வாங்கிட்டாங்க. நாங்க போனப்ப வாசல் முழுக்கக் குடைதான்.

சந்தன்நகர் எல்லையில பழைய வளைவு ஒண்ணு நிக்குது. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்னு பிரெஞ்சுல எழுதியிருக்கு. உள்ளே போனா ஆத்தங்கரை ஸ்ட்ராண்டு. மழையில ஆளே இல்லாம, பெஞ்சும் மரமுமா, புதுச்சேரிக் கடற்கரை ரோட்டுல அலையை எடுத்துட்டா எப்படி இருக்குமோ அப்படி. புதுச்சேரிக்கு வர்றதுக்கு முந்தி டூப்ளே பத்து வருஷம் ஆண்டது இங்கேதான், 1731-ல இருந்து. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்புல நாம பார்க்கிற அந்தத் துரை, துரைத்தனம் பழகின ஊர். 1757 மார்ச்ல கிளைவும் வாட்சனும் இந்த ஊரைப் பிடிச்சாங்க. சரியா மூணு மாசத்துல பிளாசி. அதே போர்ல 1761-ல புதுச்சேரியும் விழுந்தது. ரெண்டு ஊர்க் கோட்டையும் தரைமட்டம்.

1910-ல அரவிந்தர், ஆங்கிலேயப் போலீஸ் கைக்கு எட்டாம இருக்க, கல்கத்தாவுல இருந்து ராத்திரியோட ராத்திரியா படகுல இங்கே வந்து ஒளிஞ்சார். அப்புறம் கப்பலேறி ஏப்ரல் 4-ஆம் தேதி புதுச்சேரியில இறங்கினார். கப்பலோட பேர் 'டூப்ளே'! ரெண்டு வருஷம் முன்னாடியே அங்கே வந்து சேர்ந்திருந்தவர் நம்ம பாரதியார்.

நான் தேடிப் போன விஷயமும் இந்த ஊர்லதான் இருந்தது. 1949 ஜூன் 19-ஆம் தேதி சந்தன்நகர் மக்களைக் கூப்பிட்டு, இந்தியாவோட சேரணுமான்னு ஓட்டுப் போடச் சொன்னாங்க. பெருவாரியா 'சேரணும்'. 1950 மே மாசம் நிர்வாகம் கைமாறி, 1954 அக்டோபர் 2-ஆம் தேதி மேற்கு வங்கத்துல கலந்துட்டது. அதே அக்டோபர் 18-ல புதுச்சேரிக்காகக் கீழூர்ல ஓட்டெடுத்தப்ப, ஓட்டுப் போட்டது 178 மக்கள் பிரதிநிதிகள், ஆதரவு 170, எதிர்ப்பு 8. இங்கே மக்களே போட்டாங்க, அங்கே பிரதிநிதிகள். ஆனாலும் கலக்காம தனியா நின்னது புதுச்சேரிதான். சந்தன்நகர்ல பிரெஞ்சு பேசுற குடும்பம் கண்ணுல படலை, ஜல்பரா சந்தேஷ் மட்டும் கண்ணுல பட்டது. கடிச்சதும் உள்ளே இருக்கிற பன்னீர்ப்பாகு சட்டையில தெறிக்கும்னு சின்னவனுக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும்.

சூச்சுராவுல டச்சுக் கல்லறைத் தோட்டத்தைக் காருக்குள்ள இருந்தே பார்த்தோம், அவ்வளவு மழை. கோட்டை இருந்த இடத்துல ஆங்கிலேயர் கட்டின நீளமான சிப்பாய்க் குடியிருப்புல இப்போ கோர்ட் நடக்குது. சிங்கப்பூர், மலேசியாவுல இருக்கிறவங்க இந்த ஊரைக் கொஞ்சம் கவனிங்க. 1824-ல லண்டன்ல போட்ட ஒப்பந்தத்துல, டச்சுக்காரங்க மலாக்காவோட தங்கள் இந்திய ஊர்களையும் விட்டுக் கொடுத்து, சுமத்ராவுல பென்கூலனை வாங்கிக்கிட்டாங்க. சிங்கப்பூர் மேல இருந்த ஆட்சேபத்தையும் வாபஸ் வாங்கினாங்க. விட்டுக் கொடுத்த பட்டியல்ல சூச்சுராவும் உண்டு, நம்ம பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், தூத்துக்குடியும் உண்டு. பண்டமாத்து வியாபாரம்னா இதுதான்.

பண்டேல் சேரும்போது இருட்டிடுச்சு. 'பந்தர்', அதாவது துறைமுகம்ங்கிற சொல்லுதான் இப்படி மருவியிருக்கு. 1599-ல கட்டின மாதா கோயில், 1632-ல ஷாஜகான் படை ஹூக்ளியை அடிச்சப்ப அழிஞ்சு, 1660-ல திரும்ப எழுந்தது. புயல்ல தப்பின கப்பல் தலைவன் ஒருத்தன் நேர்த்திக்கடனா பாய்மரத்தையே கொடுத்தான்னு சொல்றாங்க. வேளாங்கண்ணிக் கதையை அப்படியே கேட்ட மாதிரி இருந்தது. தங்கமணி மெழுகுவத்தி ஏத்தினாங்க.

கார் இல்லாதவங்க ஹவுராவுல பண்டேல் லோக்கல் பிடிச்சா நாலு ஊரையும் வரிசையா பார்த்துடலாம். பண்டேல் பேரைச் சொல்லி விக்கிற அந்தச் சின்ன வட்டச் சீஸைக் கொல்கத்தா நியூ மார்க்கெட்ல வாங்குங்க. உப்பு தூக்கலா இருக்கும், ராத்திரி தண்ணியில ஊறப் போட்டு காலையில சாப்பிடுங்க.