சிறுவர்களின் மூக்கில் வளரும் இரத்தநாளக் கட்டி: அறுவை சிகிச்சை குறித்துப் பெற்றோர் அறிய வேண்டியவை

ஆஞ்சியோஃபைப்ரோமா என்பது மூக்கின் பின்புறத்தில் வளரும் அரிய கட்டியாகும். ஏறத்தாழ 10 முதல் 20 வயதுவரை உள்ள ஆண்பிள்ளைகளையே இது பெரும்பாலும் தாக்குகிறது. இது புற்றுநோய் அன்று. உடலின் பிற உறுப்புகளுக்குப் பரவாது. எனினும் இரத்தநாளங்கள் நிறைந்தது. கவனியாது விட்டால் கன்னம், கண்குழி, மண்டையோட்டின் அடிப்பகுதி ஆகியவற்றுள் வளரக்கூடும்.

அறிகுறிகள்

• ஒரு பக்க மூக்கடைப்பு நாளுக்கு நாள் அதிகரித்தல்
• வலியின்றி அடிக்கடி மூக்கில் இரத்தம் வடிதல்
• கன்னம் வீங்குதல், கண் துருத்துதல், காது மந்தமாதல்

இவற்றை உடற்சூடு என்றோ சளி என்றோ எண்ணிக் காலம் தாழ்த்தாதீர்கள்.

இரத்தம் வடிந்தால்

பிள்ளையை நிமிர்ந்து உட்காரவைத்துத் தலையைச் சற்று முன்னோக்கிக் குனியச் செய்யுங்கள். மூக்கின் மென்மையான பகுதியை 10 முதல் 15 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். வாயால் மூச்சுவிடச் சொல்லுங்கள். இரத்தம் நிற்காவிடில் 108 ஆம்புலன்சை அழையுங்கள்.

பரிசோதனை

சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களே பெரும்பாலும் நோயை உறுதிசெய்யப் போதுமானவை. இக்கட்டியிலிருந்து சதைத்துணுக்கு எடுத்தால் கடும் இரத்தப்போக்கு ஏற்படலாம். ஆகவே, "ஏன் சதைப் பரிசோதனை செய்யவில்லை?" என ஐயுற வேண்டாம்.

அறுவை சிகிச்சை

அறுவைக்கு ஓரிரு நாட்களுக்கு முன், கட்டிக்கு இரத்தம் செல்லும் நாளங்கள் நுண்குழாய் வழியே அடைக்கப்படுவதுண்டு. இதனால் இரத்த இழப்பு குறைகிறது. பின்னர், மயக்க மருந்து அளித்து, எண்டோஸ்கோப் கருவியால் மூக்கின் வழியாகவே கட்டி அகற்றப்படுகிறது; முகத்தில் தழும்பு விழாது. மிகப் பெரிய கட்டிகளுக்குத் திறந்தநிலை அறுவை தேவைப்படலாம். இரத்தம் ஏற்ற நேரிடலாம் என்பதால், குருதிக் கொடையாளர்களை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

சிகிச்சைக்குப் பின்

மூக்கைப் பலமாகச் சிந்துதல், பளு தூக்குதல், ஓடியாடி விளையாடுதல் ஆகியவற்றை மருத்துவர் கூறும்வரை தவிர்க்கவும். கட்டியின் எச்சம் இருப்பின் மீண்டும் வளரலாம். எனவே, பிள்ளை நலமாகத் தோன்றினாலும் தொடர் பரிசோதனைகளை நிறுத்தாதீர்கள்.

எங்கு அணுகுவது?

முதுநகர், சிதம்பரம் பகுதியினர் கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலோ, சிதம்பரம் அண்ணாமலை நகரிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ காது மூக்கு தொண்டை மருத்துவரை அணுகலாம். தேவைப்படின் இரத்தநாள அடைப்பு வசதியுள்ள உயர்சிகிச்சை மையத்திற்கு அவர்கள் பரிந்துரைப்பர். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உங்கள் குடும்பம் பயன்பெற இயலுமா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டறியுங்கள். குடும்ப அட்டையையும் பழைய படங்களையும் தவறாது எடுத்துச் செல்லுங்கள்.