வரிசையா, கிளையா?

போன மாசம் எங்க குடும்ப அரட்டைக் குழுவில் ஒரு சங்கடம். காலையில் அத்தை மகளுக்குப் பிறந்தநாள் என்று யாரோ போட்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில், ஊரில் பெரியப்பா தவறிட்டார் என்று அண்ணன் எழுதினார். அதற்கு நேர் கீழே, கைதட்டும் பொம்மையோடு வந்து விழுந்தது சித்தியின் "வாழ்த்துகள்!". அவர் பதில் சொன்னது பிறந்தநாளுக்குத்தான். ஆனாலும் கூனிக் குறுகிப் போய், ரெண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

இந்தப் பிரச்சினைக்கு ஐம்பது வயசுக்கு மேல் ஆகிறது.

1973 ஆகஸ்டில், அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்து 'பிளேட்டோ' கணினி அமைப்பில், டேவிட் வூலி என்ற 17 வயதுப் பையன் 'நோட்ஸ்' என்றொரு நிரல் எழுதினார். அதுவரை பழுதுகளை எல்லாரும் ஒரே பொதுக் கோப்பில் எழுதி வந்தார்கள். யார் எழுதியதை யார் வேண்டுமானாலும் அழிக்கலாம். வூலியின் நிரலில் ஒவ்வொரு குறிப்பிலும் பெயரும் தேதியும் தானாகவே பதிந்தன. கீழே மறுமொழிகள் ஒன்றன்பின் ஒன்றாக, 63 வரை. சுத்தமான வரிசை. எல்லாரும் ஒரே மையக் கணினியில் எழுதியதால் யார் முந்தி, யார் பிந்தி என்பதில் சந்தேகமே இல்லை.

யூஸ்நெட்டில் அந்த வசதி கிடையாது. 1979-ல் ட்யூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் ட்ரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் யோசித்த அந்த வலையமைப்புக்கு மையமே இல்லை. ஒரு கணினி இன்னொன்றைத் தொலைபேசியில் கூப்பிட்டு மடல்களைக் கைமாற்றும். கேள்வி வந்து சேரும் முன்பே பதில் வந்துவிடலாம்! அதனால் ஒவ்வொரு மடலும் தான் எந்த மடலுக்குப் பதில் என்ற அடையாளத்தைத் தலையிலேயே சுமக்க வேண்டியதாயிற்று. பின்னால் வந்த நிரல்கள் அதை வைத்து மடல்களை மரம்போல அடுக்கின. ஆக, கிளை முறை யாருடைய ரசனையிலும் பிறக்கவில்லை. மையம் இல்லாததால் வந்த கட்டாயம் அது.

ஆனால் மரமும் ஏமாற்றும். 1992 ஜனவரி 29 அன்று, மினிக்ஸ் செய்திக்குழுவில் பேராசிரியர் ஆண்ட்ரூ டனன்பாம், லினக்ஸ் காலாவதியான வடிவமைப்பு என்று எழுதினார். லினஸ் டோர்வால்ட்ஸ் காரசாரமாகப் பதில் கொடுத்தார். பிறகு தன் தொனிக்காக மன்னிப்பும் கேட்டார். சண்டை நடந்த கிளையை மட்டும் பிடித்துக்கொண்டு போகிறவருக்கு அந்த மன்னிப்பு கண்ணில் படாமலே போகலாம்.

பிறகு இணையதளங்கள் வந்தன. மறுபடியும் மையக் கணினி. 2000-ல் வந்த பிஎச்பிபிபி வரிசைக்குத் திரும்பியது. 1997-ல் தொடங்கிய ஸ்லாஷ்டாட் கிளையில் நின்றது. 2005-ல் பிறந்த ரெடிட் கிளையோடு வாக்கையும் சேர்த்தது. அதிக வாக்கு வாங்கியது மேலே போகும். எது முதலில் சொல்லப்பட்டது என்பது பின்னுக்குப் போய்விடும்.

வரிசை நேரத்தைக் காப்பாற்றும், யார் யாருக்குச் சொன்னார் என்பதைத் தொலைத்துவிடும். கிளை அந்தத் தொடர்பைக் காப்பாற்றும், பேசியவருக்கு அந்த நேரத்தில் என்ன தெரிந்திருந்தது என்பதை மறைத்துவிடும். அதனால் பழைய விவாதம் எதையும் நான் ரெண்டு முறை படிக்கிறேன்: ஒருமுறை கிளைப்படி, ஒருமுறை தேதிப்படி. அதுக்கு அப்புறம்தான் யாரைப் பற்றியும் தீர்ப்பு.

2016-ல் வாட்ஸப், குறிப்பிட்ட செய்தியை மேற்கோளாக வைத்துப் பதில் எழுதும் வசதியைக் கொண்டுவந்தது. வரிசைக்குள்ளே ஒரு குட்டிக் கிளை. அந்த மாதிரி, செய்தியை இழுத்துப் பிடித்துப் பதில் போடுவது எப்படி என்று சித்திக்குக் காட்டிக் கொடுத்தேன். இப்போ வெறும் "சரி" என்பதைக்கூட அவர் இழுத்துப் பிடித்துத்தான் போடுகிறார்.